டங்கென்று ஒரு சத்தம்

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில், பலகாரக் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கும் பிள்ளைகளின் விரல் முதலில் ஜிலேபியைத்தான் காட்டும். நிறம் அப்படி. என் ஓட்டு கடலை உருண்டைக்கு.

அதை வீட்டிலேயே பிடித்த காலத்தில் வெப்பமானி ஏது? வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பேற்றுவார்கள். நுரை பொங்கியதும் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு. கரைந்தால் பதமில்லை. உருட்ட வந்து, தட்டில் போட்டால் ‘டங்’கென்று கேட்க வேண்டும். நீர் வற்றி, பாகு 120 டிகிரியைத் தாண்டிவிட்டதற்கு அந்தச் சத்தமே சாட்சி. பிறகு ஒரே அவசரம்தான்: தோல் நீக்கிய வறுகடலையைக் கொட்டிக் கிளறி, கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு, சூடு ஆறுமுன் பிடித்தாக வேண்டும். உள்ளங்கை சிவந்துவிடும். பதம் பார்த்த அந்தச் சொட்டு பிள்ளைகளுக்கு. அதற்கே சண்டை நடக்கும்.

செங்கல் சுட்டதால் பெயர் பெற்ற வட்டாரம் பிரிக்பீல்ட்ஸ். 2010இல் ‘லிட்டில் இந்தியா’ ஆகி, வளைவும் வண்ணமுமாக மாறியது. உருண்டை மட்டும் அதே மண்நிறம்.

இப்போது தட்டில் பரப்பி வில்லை போடுவதும் உண்டு, வேலை மிச்சம். தீபாவளிச் சந்தைக்குப் போனால், கையால் பிடித்ததாகவே கேட்டு வாங்குங்கள்.