சான்று தேவை

மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி பஸ் பிடித்தால், கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு ஒரு சுற்றுச் சுற்றி அடங்குகிற சமயத்தில் அரவேணு வரும். நாலைந்து டீக்கடை, பஸ் ஸ்டாப், சுற்றிலும் தேயிலை. வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் இறங்க மாட்டார்கள். இறங்கினால் கேட்பது ஒரே கேள்விதான். "கேத்தரின் ஃபால்ஸுக்கு எப்படிப் போகணும்?"

உங்கள் செல்போனில் இந்த அருவியைத் தேடிப் பாருங்கள். உயரம் 250 அடி. கோத்தகிரிக்குக் காப்பி கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் எம்.டி. காக்பர்ன் என்ற வெள்ளைக்கார துரையின் மனைவி பெயர் கேத்தரின். உள்ளூர் மொழியில் பழைய பெயர் 'கெத்தெஹாட ஹள்ள', பொருள் 'அடிவாரப் பள்ளத்தாக்கு ஆறு'. விக்கிப்பீடியாவிலும் இதே சேதி. ஓட்டல்காரர், டாக்ஸிக்காரர், டூர் கம்பெனி வைத்திருக்கும் பக்கங்களிலும் இதே சேதி, அதே வரிசையில். யாரைப் பார்த்து யார் எழுதினார்கள் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

அரவேணு டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த படகர் பெரியவர் ஒருவரிடம் இதைப் படித்துக் காட்டினேன்.

"ஹள்ளன்னா ஓடை சார். அது சரி. மிச்சமெல்லாம் யாரு சொன்னாங்க?"

"கம்ப்யூட்டர்ல போட்டிருக்கு."

"எங்ககிட்ட யாரும் வந்து கேக்கலையே!"

இந்த வாரம் விக்கிப்பீடியாவை விமர்சனம் செய்யலாம் என்று தோன்றியது அப்போதுதான். வழக்கமாக ஒரு புத்தகத்தை எடுத்து, ஆசிரியரை இரண்டு பாராட்டு, நாலு குட்டு என்று முடித்துவிடுவேன். இதற்கு ஆசிரியர் என்று ஒருத்தர் கிடையாது. குட்டினால் நம் தலையிலும் விழும். ஏனென்றால் எழுதாமல் விட்டவர்களில் நானும் ஒருவன், நீங்களும் ஒருவர்.

முதலில் பாராட்டு. ஆங்கிலத்தில் 2001 ஜனவரியில் ஆரம்பித்த சங்கதி இது. 2003-ல் தமிழுக்கு வந்தது. அதற்கு அஸ்திவாரம் போட்டவர்களில் முக்கியமானவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன். கட்டடக் கலைஞர். வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே, ராத்திரி நேரங்களில் சம்பளமில்லாமல் கட்டுரை கட்டுரையாக எழுதிக் குவித்தார். 2017-ல் தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. அரசாங்கமோ பல்கலைக்கழகமோ உத்தரவு போட்டுச் செய்த வேலை இல்லை.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது கட்டுரை அல்ல; மேலே இருக்கும் 'வரலாறு' என்ற பொத்தான். அதை அழுத்தினால் எந்த வரியை யார், என்றைக்குச் சேர்த்தார், யார் வெட்டினார், ஏன் சண்டை என்பதெல்லாம் அப்படியே தெரியும். 1908-ல் டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய நீலகிரி கெஜட்டியரில் இந்த வசதி கிடையாது. துரை எழுதினால் எழுதினதுதான்.

இப்போது குட்டு.

விக்கிப்பீடியாவில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் எழுதியதற்கு ஏற்கெனவே வெளியான, நம்பத்தகுந்த ஆதாரம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பக்கத்தில் 'சான்று தேவை' என்று ஒரு சின்ன முத்திரை விழும். பிறகு ஒருநாள் அந்த வரியே காணாமல் போகும். கேட்க நியாயமான விதி. சென்னைக்கோ மதுரைக்கோ இது அவ்வளவு இடிக்காது. கல்வெட்டு, இலக்கியம், செய்தித்தாள், பாடப்புத்தகம் என்று ஏதாவது அகப்படும். நீலகிரியில் கதை வேறு. தோதவர், கோத்தர், படகர், இருளர், குறும்பர் என்று ஆளுக்கொரு மொழி, ஆளுக்கொரு கதை. எழுத்து மட்டும் இல்லை. அச்சில் இருப்பதெல்லாம் கீழேயிருந்து மலையேறி வந்தவர்கள் எழுதியது. ஹார்க்னஸ் 1832. கிரிக் 1880. ரிவர்ஸ் 1906. பிரான்சிஸ், பிரைஸ் இரண்டு பேரும் 1908. ராணுவ அதிகாரி, ஐ.சி.எஸ்., மானிடவியல்காரர் என்று வரிசையாக எல்லாரும் இங்கிலீஷ்காரர்கள்.

ஆக, எல்லாரும் சேர்ந்து எழுதும் சரித்திரம் என்று ஆரம்பித்து, சுற்றிச் சுற்றிப் பழைய கெஜட்டியரிலேயே போய் நிற்கிறோம். ஊட்டி வரலாறு என்றால் இணையத்தில் எங்கே தட்டினாலும் 1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறியதில்தான் தொடங்கும். 'ஊட்டியைக் கண்டுபிடித்தார்' என்றே கூசாமல் எழுதுவார்கள். ஏதோ காணாமல் போயிருந்த மாதிரி! 1603-லேயே ஃபெனிசியோ என்ற இயேசு சபைப் பாதிரியார் மலபார் பக்கமிருந்து ஏறிவந்து, தோதவர்களையும் படகர்களையும் பார்த்துக் குறிப்பு எழுதிவைத்திருக்கிறார். அதன் மொழிபெயர்ப்பு ரிவர்ஸ் புத்தகத்தின் பின்னிணைப்பில் இருக்கிறது. சல்லிவனுக்கு 216 வருஷம் முந்தி! அச்சு ஆதாரமே இருந்தும் இந்தக் கதி.

சல்லிவனைக் குறை சொல்லவில்லை. கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில் அவர் கட்டின பங்களா இன்றைக்கு நினைவகமாக நிற்கிறது, போய்ப் பாருங்கள். இந்த நிலம் தோதவர்களுடையது, எடுத்தால் பணம் கொடுக்க வேண்டும் என்று தன் மேலதிகாரிகளோடு மல்லுக்கட்டியவர் அவர். ஏரி வெட்டினார், உருளைக்கிழங்கு போட்டார் என்பது எல்லாருக்கும் தெரிகிறது. இது தெரிவதில்லை.

'ஒரு ஓடைக்கு அர்த்தம் தப்பா இருந்தா என்ன சார் குடி முழுகிடும்?' என்று நீங்கள் கேட்கலாம். ஓடைக்கு முழுகாது. இன்னொன்று சொல்கிறேன். படகர்கள் விஜயநகர வீழ்ச்சிக்குப் பிறகு, அதாவது 1565-ன் தலைக்கோட்டைப் போருக்கு அப்புறம், மைசூர்ப் பக்கமிருந்து வந்து குடியேறியவர்கள் என்று பல புத்தகங்கள் சொல்கின்றன. 'இல்லை, நாங்கள் ஆதியிலிருந்தே இந்த மலைக்காரர்கள்' என்று படகர்களில் பலர் மறுக்கிறார்கள். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் பல வருஷமாகக் கேட்டும் வருகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் படகு பேசுவதாகப் பதிவானவர்கள் சுமார் 1,33,000 பேர். இவர்களைப் பற்றிய கட்டுரையில் 'வந்தார்கள்' என்று எழுதுவதா, 'வந்ததாகச் சொல்லப்படுகிறது' என்று எழுதுவதா? ஒரு வினைச்சொல்தான். அதில் வேலையும் படிப்பும் நிலமும் தொங்குகின்றன.

இதே காரணத்துக்காகத்தான் அந்த விதியை ஒரேயடியாகத் தூக்கிப்போடவும் முடியாது. 'எங்க தாத்தா சொன்னார்' என்பதை மட்டும் ஆதாரமாக ஏற்றுக்கொண்டால், தமிழ்நாட்டில் ஒவ்வொரு ஜாதியும் மறுநாள் காலையிலேயே ராஜ பரம்பரை ஆகிவிடும். தாத்தாக்களும் தப்பாகச் சொல்வதுண்டு. அந்த மறுப்பையும், அந்த 1565 கதையையும் ஒரே தராசில் நிறுத்துவதுதான் நியாயம்.

நடுவழி ஒன்றை 2011-ல் முயன்று பார்த்தார்கள். பெங்களூரைச் சேர்ந்த அச்சல் பிரபலா, வாய்மொழியையே மேற்கோளாக்கும் ஒரு திட்டத்தை நடத்தினார். கேரளத்துக் கிராமத்து விளையாட்டு மாதிரி, எல்லாருக்கும் தெரிந்து ஆனால் எந்தப் புத்தகத்திலும் ஏறாத விஷயங்களைத் தெரிந்தவர்களிடம் கேட்டு ஒலிப்பதிவு செய்து, அந்தப் பதிவையே ஆதாரமாகக் காட்டிக் கட்டுரை எழுதினார்கள். ஒரு படமும் எடுத்தார்கள். சண்டை நடந்தது. பொது விதியாக இன்னும் வரவில்லை.

ஆனாலும் வழி அதுதான் என்று நினைக்கிறேன். ஒலிப்பதிவு என்றால் யார் சொன்னது, எந்த ஊர், எந்தத் தேதி எல்லாம் இருக்கும். நாலு பேர் நாலு விதமாகச் சொன்னால் நாலையும் கேட்டு ஒப்பிடலாம். ஹார்க்னஸ் துரையும் யாரோ ஒரு பெரியவரிடம் கேட்டுத்தானே எழுதினார்? அந்தப் பெரியவர் பெயர் நமக்குத் தெரியாது. அச்சில் வந்துவிட்டதால் அது ஆதாரம். அரவேணுப் பெரியவர் இன்று சொல்வது வெறும் பேச்சு.

பால் ஹாக்கிங்ஸ் என்கிற வெளிநாட்டு ஆய்வாளர் 1960-களிலிருந்து இந்த மலையோடு உறவு வைத்திருந்தார். படகர் பழமொழிகளையும் வேண்டுதல்களையும் சேகரித்து 1988-ல் புத்தகம் போட்டார். 1992-ல் இன்னொருவரோடு சேர்ந்து படகு மொழிக்கு அகராதி. 2012-ல் பலரை எழுதவைத்து, நீலகிரிக்கென்றே இரண்டு பாக கலைக்களஞ்சியம். மூன்றும் ஆங்கிலத்தில். ஒரு வெள்ளைக்காரர் வாழ்நாளில் பாதியை இதற்குக் கொடுத்திருக்கிறார். நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைக் கொடுக்கலாம்.

நீங்கள் மலைக்காரராக இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பாட்டி பக்கத்தில் போனை வைத்துவிட்டு, ஊர்ப் பெயர்கள், ஓடைப் பெயர்கள், எந்த மேட்டில் முன்னால் என்ன விளைந்தது என்று கேளுங்கள். கோத்தகிரிக்கே 'கோத்தர் கேரி', அதாவது கோத்தர் தெரு என்றுதான் அர்த்தம். மேப் போட்டவர்கள் 'கிரி' ஆக்கியதில் தெரு மலையாகிவிட்டது. இந்த மாதிரி எத்தனையோ கிடக்கும். கேட்டதை எழுதி, உங்கள் ஊர் மலரிலோ சின்னப் பத்திரிகையிலோ அச்சில் கொண்டுவாருங்கள். அப்புறம் சான்று தேவை என்று யாராவது மடக்கினால், காட்டுவதற்கு ஏதாவது கையில் இருக்கும்.

டீக்கடையை விட்டுக் கிளம்பும்போது பெரியவர் கேட்டார். "நான் சொன்னா அதுல போடுவாங்களா சார்?"

"சான்று கேப்பாங்க."

"எனக்கு எழுபத்தெட்டு வயசு. இன்னும் எத்தனை நாளைக்குக் காத்திருக்கணுமாம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பஸ் வந்துவிட்டது.