போக முடியாத வீடு

டெலிவிஷனில் வருகிற ஹாஸ்யத் தொடர்களைப் பற்றி எழுதுவது இலக்கிய விமரிசனம் ஆகுமா என்று சிலர் கேட்கக்கூடும். ஆகும் என்பதுதான் என் அபிப்பிராயம். மேடையில் நடிப்பதற்காக எழுதப்பட்டது என்பதால் நாடகத்தை நாம் இலக்கியத்திலிருந்து தள்ளி வைப்பதில்லை. ஓர் அறை, இரண்டு மூன்று பாத்திரங்கள், அரை மணி நேரம் - இவ்வளவை வைத்துக்கொண்டு வாரா வாரம் கோடிக்கணக்கான பேரைக் கட்டிப்போட்ட எழுத்தைக் கதை எழுதுகிறவன் கவனிக்காமல் விட்டால், நஷ்டம் அவனுக்குத்தான்.

இந்த மாதிரித் தொடர்கள் எத்தனையோ வந்தன. பெரும்பாலானவை வந்த சுவடு தெரியாமல் போய்விட்டன. சில மட்டும் ஐம்பது, அறுபது வருஷங்களுக்குப் பிறகும் பார்க்கப்படுகின்றன. ஏன்? ஹாஸ்யம் நன்றாக இருந்தது என்று சொன்னால் அது பதில் ஆகாது. ஒரு தரம் சிரித்த துணுக்கு மறு தரம் கேட்கும்போது பாதி செத்துப்போயிருக்கும். ஆனால் இந்தத் தொடர்களைப் பத்தாம் தரம் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டே, அது நடப்பதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்களைச் சிரிக்க வைப்பது வேறு ஏதோ ஒன்றாக இருக்கவேண்டும்.

ஆங்கிலத்தில் இந்த வகைக்கு இட்டிருக்கிற பெயரிலேயே விடை இருக்கிறது. 'சிச்சுவேஷன் காமெடி' என்கிறார்கள். நிலைமையில் பிறக்கிற ஹாஸ்யம். சம்பவம் வேறு, நிலைமை வேறு. சம்பவம் நடந்து முடிந்துவிடும். நிலைமை முடியாது; காலையில் எழுந்தால் அது மறுபடியும் எதிரே உட்கார்ந்திருக்கும். ஒரு மனிதன் ஓரிடத்தை விட்டுப் போக ஆசைப்படுகிறான், போக முடியவில்லை. அவன் ஆசையும் குறையவில்லை, கதவும் திறக்கவில்லை. நல்ல ஹாஸ்யத் தொடர் என்று நான் நினைக்கிற எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் இதுதான்.

இதற்குச் சரியான உதாரணம் பி.பி.சி. ஒளிபரப்பிய 'ஸ்டெப்டோ அண்ட் ஸன்'. 1962 முதல் 1965 வரை ஒரு தடவையும், 1970 முதல் 1974 வரை இன்னொரு தடவையுமாக வந்தது. எழுதியவர்கள் ரே கால்டன், ஆலன் ஸிம்ப்ஸன் என்ற இருவர். பதினெட்டு, பத்தொன்பது வயதில் க்ஷயரோகம் பீடித்து ஸர்ரே மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்திருந்தபோது அறிமுகமானவர்கள். வெளியே போக முடியாமல் படுத்திருப்பது எப்படி இருக்கும் என்பதை அவர்கள் புஸ்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

கதை நடக்கும் இடம் லண்டனில் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் ஒரு காயலான் கடை. தகப்பனும் மகனும். மகன் குதிரை வண்டியில் தெருத் தெருவாகப் போய்ப் பழைய இரும்பு, ஈயம், கந்தல், உடைந்த நாற்காலி என்று பிறர் கழித்துப்போட்டதை வாங்கி வருகிறான். தகப்பனார் ஆல்பர்ட் வீட்டோடு இருக்கிறார். வீட்டில் உள்ளதெல்லாம் அப்படி வந்து சேர்ந்தவைதான். பஞ்சடைத்த கரடி, மனித எலும்புக்கூடு உட்பட. மகன் ஹெரால்டுக்கு முப்பத்தேழு வயது தாண்டிவிட்டது. உயர்ந்த சங்கீதம் கேட்கவேண்டும், நல்ல ஒயின் ருசி அறிந்து குடிக்கவேண்டும், நாகரிகமான பெண்களோடு பழகவேண்டும் என்பதெல்லாம் அவன் ஆசைகள். கிழவருக்கு அந்த ஆசையெல்லாம் ஒன்றும் கிடையாது. சாப்பாடு வேண்டும், கணப்பு வேண்டும், மகன் பக்கத்தில் இருக்கவேண்டும்.

இது தொடராக வந்ததே தற்செயல். ஒவ்வொரு வாரமும் ஒரு தனி நாடகம் எழுதித் தருவதாக அந்த இருவரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்று 1962 ஜனவரி 5-ஆம் தேதி வந்த 'தி ஆஃபர்'. வேறு வேலை ஒன்று தனக்குக் கிடைத்திருப்பதாகவும், வீட்டை விட்டுப் போகப்போவதாகவும் ஹெரால்டு சொல்கிறான். தகப்பனுக்கும் மகனுக்கும் வாக்குவாதம் முற்றுகிறது. தன் சாமான்களை வண்டியில் ஏற்றுகிறான். கிழவர் குதிரையைத் தர மறுக்கிறார். சரி, நானே இழுத்துக்கொண்டு போகிறேன் என்று வண்டியின் ஏர்க்காலைப் பிடித்து இழுக்கிறான். வண்டி அசையவில்லை. மறுபடியும் இழுக்கிறான். அசையவில்லை. அங்கேயே நின்று அழுகிறான். கிழவர் அவனை மெதுவாகத் தேற்றி, தேநீர் குடிக்கலாம் என்று உள்ளே அழைத்துப் போகிறார்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது? கடைசி நிமிஷங்களில் அதிகமில்லை. அதற்கு முன் இருபத்தைந்து நிமிஷங்கள் வயிறு வலிக்கச் சிரித்தவர்கள் அங்கே ஓய்ந்துபோகிறார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால், முன்னால் சிரித்ததெல்லாம் இந்த அசையாத வண்டியைப் பார்த்துத்தான் என்று தெரியும். அதைப் பின்னால்தான் காட்டினார்கள்.

வண்டியில் இருப்பதை இறக்கிவைத்துவிட்டுக் கைவீசிக்கொண்டு அவன் தெருவில் நடந்திருக்கலாம் அல்லவா? கதவில் பூட்டு இல்லை. முப்பத்தேழு வயதுக்காரனைக் கிழவர் ஒருவர் கட்டிப்பிடித்து நிறுத்த முடியாது. ஆனாலும் அவன் போகவில்லை. இந்த இடத்தில்தான் எழுதினவர்களின் ஆழம் தெரிகிறது. 'அப்பா மட்டும் இல்லாவிட்டால் நான் எங்கேயோ போயிருப்பேன்' என்பது ஹெரால்டு தனக்குச் சொல்லிக்கொள்ளும் கதை. அந்தக் கதை பொய்யாகாமல் இருக்கவேண்டுமானால் அப்பா இருந்தே ஆகவேண்டும். வெளியே போய்ப் பார்த்து அங்கேயும் தான் ஒன்றுமில்லாதவன் என்று தெரிந்துவிட்டால் யாரைக் குற்றம் சொல்வது? கிழவர் அவனுடைய தளை. அவனுடைய சாக்கும் அவரேதான். கிழவருக்கு இது நன்றாகத் தெரியும். தனியாகச் சாவதற்குப் பயப்படுகிற அந்த மனிதர், மகனின் பயத்தை வைத்துத் தம் பயத்தைப் போக்கிக்கொள்கிறார். நெஞ்சுவலி என்று அவர் சாயும்போது அது நடிப்பா நிஜமா என்று மகனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. சில சமயம் அவருக்கே தெரியாது என்று தோன்றுகிறது.

இப்படி ஒரு நிலைமை அமைந்துவிட்டால் கதைக்குப் பஞ்சமே கிடையாது. ஹெரால்டு பில்லியர்ட்ஸ் மாதிரி ஆடும் ஸ்னூக்கர் மேஜை ஒன்றை, முழு அளவில், வாங்கி வருகிறான்; அறை கொள்ளாமல் அது முற்றத்துக்குப் போய், கடைசியில் இருவரும் மழையில் ஆடுகிறார்கள். ஃபெலினியின் படத்துக்குப் போகவேண்டும் என்கிறான். கிழவருக்கு நிர்வாணப் பெண்கள் வருகிற படம் வேண்டும். 1972-ல் வந்த ஒரு கதையில் இனி சகிக்க முடியாது என்று வீட்டுக்கு நடுவே பலகைத் தடுப்பு எழுப்பிவிடுகிறான். கூடம் பாதி, சமையலறை பாதி, டெலிவிஷன் பெட்டி கூடப் பாதிப் பாதி. பிரிந்திருப்பதற்காகக் கட்டிய தடுப்பைப் பற்றி முன்னைவிட அதிகமாகப் பேசவேண்டியிருக்கிறது, சண்டை போடவேண்டியிருக்கிறது. வீடு தீப்பிடித்து, இருவரும் ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டிலில் கிடக்கிறார்கள்.

அதே வருஷம் வந்த இன்னொரு கதை இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. சிறையிலிருந்து தப்பிய இரண்டு கைதிகள் இந்த வீட்டுக்குள் புகுகிறார்கள். ஒருவன் நடுவயதுக்காரன், மற்றவன் கிழவன். வீட்டில் பணமும் இல்லை, சாப்பிட உருப்படியாக ஒன்றும் இல்லை. பேசப் பேச, கிழட்டுக் கூட்டாளியைச் சுமந்துகொண்டு ஓட முடியாமல் தவிக்கிற கைதிக்கும் ஹெரால்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்பது தெரிகிறது. சிறை எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

நடிக்க ஆள் தேடியபோது ஆசிரியர்கள் ஹாஸ்ய நடிகர்களை விட்டு நாடக நடிகர்களிடம் போனது முக்கியமான விஷயம். ஹெரால்டாக நடித்த ஹாரி எச். கார்பெட், ஜோன் லிட்டில்வுட்டின் நாடகக் குழுவில் ஷேக்ஸ்பியர் பாத்திரங்கள் ஏற்றவர். கிழவராக வந்த வில்ஃப்ரிட் பிராம்பெல் அவரைவிடப் பதின்மூன்று வயதுதான் மூத்தவர். ஹாஸ்ய நடிகர் சிரிப்பு வருமா என்று பார்ப்பார். நாடக நடிகர் இந்தப் பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்று பார்க்கிறார். கார்பெட் வண்டியை இழுத்தபோது உண்மையிலேயே அது நகரவேண்டும் என்று இழுத்தார். அதனால்தான் சிரிப்பும் வந்தது, கடைசியில் அது நிற்கவும் நின்றது.

1964 அக்டோபரில் பொதுத் தேர்தலன்று இந்தத் தொடர் ஒளிபரப்பாக இருந்தது. தொழிற்கட்சிக்கு வோட்டுப் போடவேண்டியவர்கள் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்துவிடுவார்களே என்று அந்தக் கட்சித் தலைவர் ஹெரால்டு வில்ஸன் கவலைப்பட்டு பி.பி.சி. அதிகாரிகளிடம் பேச, நேரத்தைத் தள்ளிவைத்தார்கள். அவர் கட்சி நாலே ஸ்தானங்கள் பெரும்பான்மையில் ஜெயித்தது. இரண்டு ஏழைகளின் சண்டைக்கு ஒரு தேசத்தில் அவ்வளவு மதிப்பு இருந்தது.

மற்ற நாட்டுத் தொடர்களிலும் இதே அஸ்திவாரத்தைப் பார்க்கலாம். 1951-ல் தொடங்கிய அமெரிக்கத் தொடரான 'ஐ லவ் லூஸி'யில் லூஸிக்கு மேடை ஏற ஆசை. பாடகனான கணவன் அவள் வீட்டில் இருந்தால் போதும் என்கிறான். ஆறு வருஷங்கள் அவள் தந்திரம் செய்து தந்திரம் செய்து தோற்றாள். அதே சமயம் அந்த வேஷத்தைப் போட்ட லூஸில் பால் என்ற அம்மாள், தொடரைத் தயாரித்த ஸ்தாபனத்தில் கணவரோடு பங்காளி; 1962-ல் கணவரின் பங்கைத் தாமே வாங்கித் தலைமை ஏற்றார். இங்கிலாந்தின் 'ஃபால்ட்டி டவர்ஸ்' 1975-லும் 1979-லுமாகப் பன்னிரண்டே கதைகள். பெரிய மனிதர்கள் வந்து தங்கவேண்டும் என்று ஏங்குகிற ஹோட்டல்காரன், தான் நடத்துகிற ஹோட்டலையும் விட முடியாது, தன் மனைவியையும் விட முடியாது. அமெரிக்காவின் 'மாஷ்' கொரியா யுத்தத்துக்கு இழுத்துவரப்பட்ட டாக்டர்களைப் பற்றியது. அங்கே கதவைப் பூட்டியிருப்பது ராணுவம். நிஜ யுத்தம் மூன்று வருஷங்கள். தொடர் 1972 முதல் 1983 வரை பதினோரு வருஷங்கள் ஓடியது. அந்த டாக்டர்களுக்கு யுத்தம் அவ்வளவு நீளமாகத்தான் இருந்திருக்கும்.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. நாவலில் மனிதன் மாறுகிறான். அனுபவம் அவனுக்கு எதையாவது கற்றுத்தருகிறது. இங்கே யாரும் எதையும் கற்பதில்லை. சென்ற வாரம் பட்ட அடி இந்த வாரம் ஞாபகம் இல்லை. ஆகவே இது மட்டமான கலை என்று சொல்லலாம். நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இந்த ஆட்சேபத்தின் மேல் கொஞ்சம் பிரியம் உண்டு. ஆனாலும் இதை ஏற்க முடியவில்லை. நமக்குத் தெரிந்த மனிதர்களை எண்ணிப் பார்ப்போம். அனுபவத்தால் மாறியவர்கள் எத்தனை பேர்? இருபது வருஷங்களாக ஒரே சண்டையை, ஒரே வார்த்தைகளில், ஒரே கூடத்தில் போட்டுக்கொண்டு, ராத்திரி ஒன்றாகச் சாப்பிட உட்காருகிறவர்கள் எத்தனை பேர்? முதல் வகையாரைப் பற்றி நாவல்கள் நிறைய இருக்கின்றன. இரண்டாம் வகையாருக்கு இந்த அரை மணி நேரம்தான் கிடைத்திருக்கிறது.

தோற்கிற தொடர்கள் எங்கே தோற்கின்றன என்பதும் இதிலிருந்து விளங்கும். கடைசி இரண்டு நிமிஷத்தில் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டு பாடம் படிப்பார்கள். அடுத்த வாரம் பாடத்தை மறந்துவிட்டு வருவார்கள். நிலைமையை உடைத்துவிட்டு உடையாததுபோல் நடிப்பது ஏமாற்று வேலை. ஸ்டெப்டோ வீட்டில் யாரும் யாரையும் கட்டிப்பிடிப்பதில்லை. தேநீர் போட்டுக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். அது போதுமானதாக இருக்கிறது.

தொடரின் கடைசிக் கதை 1974 கிறிஸ்துமஸுக்கு வந்தது. இருவரும் வெளிநாட்டுக்கு உல்லாசப் பயணம் புறப்படுகிறார்கள். துறைமுகத்தில் ஹெரால்டின் பாஸ்போர்ட் காலாவதி ஆகியிருப்பது தெரிகிறது. கிழவர் மட்டும் தனியாகக் கப்பல் ஏறுகிறார். பாவம், இந்தத் தடவையும் இவன் அகப்பட்டுக்கொண்டான் என்று நாம் நினைக்கிறோம். ஹெரால்டு வெளியே வருகிறான். அவனுக்காக ஒரு பெண் காரில் காத்திருக்கிறாள். எல்லாம் அவன் போட்ட திட்டம். பன்னிரண்டு வருஷங்களில் முதல் தடவையாக அவன் தகப்பனாரை ஜெயித்துவிட்டான்.

எத்தனை நாளைக்கு? விடுமுறை முடிகிற வரைக்கும். இருந்தாலும் கதவு ஒரு தரம் திறந்துவிட்டது. அதற்கு மேல் எழுத ஆசிரியர்களிடம் ஒன்றும் இல்லை; தொடரை அங்கேயே நிறுத்தினார்கள்.