ஆளுநருக்கு எழுதிய மடல்

கி.பி. 212ஆம் ஆண்டளவில் கார்த்தேஜ் நகரத் தெர்த்துல்லியன் ஆப்பிரிக்க ஆளுநர் ஸ்காப்புலாவுக்கு வரைந்த மடல் மிகச் சிறியது. கிறிஸ்தவர்கள் எரியூட்டப்பட்ட அந்நாளில் அவர் இரக்கம் வேண்டி நிற்கவில்லை. தன் உள்ளம் ஏற்பதை வழிபடுவது மனிதருக்கு இயல்பிலேயே அமைந்த உரிமை என்றும், வற்புறுத்தல் சமயத்திற்கே அயலானது என்றும் வாதிடுகிறார். அவ்வுரிமையைக் கிறிஸ்தவருக்கு மட்டுமெனக் குறுக்காமல் மனிதர் அனைவருக்கும் உரியதாக்கியதே இம்மடலின் உயிர்நிலை என்போம். கொடுமை இழைத்த ஆளுநர்கள் அடைந்த கேடுகளை அடுக்கி அச்சுறுத்தும் பகுதியோ, நம் பார்வையில், வாதத்தின் தரத்தைத் தாழ்த்துகிறது.

துன்புறுவோர் சுதந்திரம் கேட்பது இயல்பே. அரசின் துணை கிட்டிய பின்னர் நிகழ்ந்தது என்ன? அதே ஆப்பிரிக்க மண்ணில், இரு நூற்றாண்டுகள் கழித்து, தொனாத்துஸ் பிரிவினர்மீது அரசு செலுத்திய வற்புறுத்தலைப் புனித அகுஸ்தினார் ஏற்றார். முன்பு அதை விரும்பாதிருந்தவர் அவர். லூக்கா நற்செய்தியின் விருந்து உவமையையே அதற்குச் சான்றாக்கினார். பின்வந்தோர் அவ்விளக்கத்தை எவ்வளவு கொடிதாகக் கையாண்டனர் என்பதை வரலாறு அறியும்.

மனித மாண்பின் அடிப்படையில் சமய சுதந்திரத்தை இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிக்கையிட்டது 1965 டிசம்பர் 7 அன்றுதான். இறைமக்களின் வரலாற்றில் நற்செய்திக்கு ஒவ்வாத செயல்களும் நேர்ந்ததுண்டு என அவ்வறிக்கையின் 12ஆம் பகுதி ஒப்புக்கொள்கிறது. நம் பங்குகளில் அப்பகுதி வாசிக்கப்படக் கேட்பது அரிது.