ஆத்தா பேரில் பற்று மட்டும்

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பர்மாத் தேக்கை எழுதுவார்கள், ஆத்தங்குடிக் கல்லை எழுதுவார்கள். அந்த வீடுகளில் காத்திருந்தவர்களைப் பற்றி எழுதியது குறைவு. கொண்டுவிற்க ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போன ஆண்கள் மூன்று வருஷக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்பினார்கள். அதுவரை வளவும் பிள்ளைகளும் மாமியாரும் வீட்டில் இருந்த ஆச்சிகளின் பொறுப்பு. இன்று பிள்ளைகள் மெல்பர்னில், லண்டனில். ஆச்சியைக் கூட்டிக்கொள்ள அவர்களுக்கு மனம் இருந்தாலும் நடுவே ஒரு படிவம் நிற்கிறது.

ஒரு கதையைப் படித்தால், இதில் யார் பேசுகிறார்கள், யாரைப் பேச விடவில்லை என்று வகுப்பில் மாணவிகளைக் கேட்பேன். பெற்றோர் விசாவின் உடல்நல விதிகளையும் நான் அப்படித்தான் படித்தேன்.

ஆஸ்திரேலிய விதி தெளிவானது. விண்ணப்பிப்பவரின் நோய்க்கும் பராமரிப்புக்கும் அந்த நாட்டுக்கு ஆகக்கூடிய செலவை மதிப்பிடுகிறார்கள். அது ஒரு வரம்பைத் தாண்டினால் விசா இல்லை. 2024 ஜூலையில் அந்த வரம்பை 51,000 டாலரிலிருந்து 86,000 டாலராக உயர்த்தினார்கள். மாத்திரையில் அடங்கும் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பெரும்பாலும் தடையாவதில்லை. டயாலிசிஸ் வரை போன சிறுநீரகமும் முற்றிய மறதி நோயும்தான் தொகையைத் தாண்ட வைக்கின்றன.

என்னை நிறுத்தியது தொகை அல்ல. விண்ணப்பிப்பவர் அந்தச் சேவைகளை உண்மையில் பயன்படுத்துவாரா என்பது பொருட்டல்ல என்று அந்த விதியே சொல்கிறது. "ஆத்தாவை நான் பார்த்துக்கொள்கிறேன், முதியோர் இல்லம் வேண்டாம்" என்று மகள் எழுதிக் கொடுத்தாலும் கணக்கு மாறாது. விதி கற்பனை செய்யும் கிழவிக்கு மகளே கிடையாது. பெண்கள் வீட்டுக்குள் செய்யும் பராமரிப்பு கணக்கில் வராது என்று நாம் எவ்வளவோ எழுதியிருக்கிறோம். இங்கே அது சட்ட வாசகமாகவே இருக்கிறது.

இங்கிலாந்து நேர் எதிர்த்திசையில் போகிறது. 2012 ஜூலையில் வந்த விதிப்படி, வயதான பெற்றோர் அங்கே பிள்ளையிடம் குடியேற வேண்டுமானால், குளிக்க, உடுத்த, சமைக்கப் பிறர் உதவி தேவைப்படும் நிலையில் இருக்க வேண்டும். அந்த உதவி சொந்த நாட்டில் கிடைக்கவில்லை, அல்லது கட்டுப்படியாகவில்லை என்றும் நிரூபிக்க வேண்டும். இதை எதிர்த்த வழக்கு 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. அங்கே நோயில்லாத தாய் தகுதியற்றவள். நோயாளியான தாய்க்கும் ஊரில் ஒரு மருமகளோ சம்பளத்துக்கு ஒரு பெண்ணோ கிடைத்துவிட்டால் கதவு சாத்தப்படும். ஆஸ்திரேலியாவில் செல்லாத மகளின் உழைப்பு, லண்டன் கணக்கில் செல்லுபடியாகிறது, ஊரிலேயே இருக்கும் இன்னொரு பெண்ணின் உழைப்பாக. எந்தப் பக்கம் விழுந்தாலும் பூ அவர்களுக்குத்தான்.

ஆஸ்திரேலிய விதியில் இன்னொரு கண்ணி உண்டு. குடும்பத்தில் ஒருவர் தவறினால் எல்லோரும் தவறியதாகவே கொள்வார்கள். அப்பச்சியின் சிறுநீரகத்துக்காக ஆத்தாவின் விண்ணப்பமும் விழும். கூட வராமல் ஊரிலேயே இருக்கப்போகிற, பெற்றோரைச் சார்ந்திருக்கும் பிள்ளையும் பொதுவாக இந்தக் கணக்கில் சேரும். நாற்பது வயதிலும் ஊட்டிவிட வேண்டிய மகளை வளர்க்கும் தாயை எண்ணிப் பாருங்கள். ஆயுள் முழுக்கச் செய்த அந்த வேலையே அவளைத் தகுதியில்லாதவளாக்குகிறது. மாற்றுத்திறனாளிகளைப் பாகுபடுத்தக் கூடாது என்று 1992இல் சட்டம் போட்ட நாடு அது. குடியேற்றச் சட்டத்துக்கு மட்டும் அதே சட்டத்தில் விலக்கு வைத்துக்கொண்டது.

மறுபக்கத்து வாதமும் இருக்கிறது. வரி கட்டாமல் முதுமையில் வருகிறவர் பொது மருத்துவத்துக்குச் சுமை என்கிறார்கள். ஆஸ்திரேலிய உற்பத்தித்திறன் ஆணையம் 2016 அறிக்கையில், ஒரு பெற்றோரால் அரசுக்கு நிகரமாக 3,35,000 முதல் 4,10,000 டாலர் வரை செலவு என்று மதிப்பிட்டது. ஆஸ்பத்திரிப் படுக்கை வானத்திலிருந்து விழுவதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செட்டிநாட்டில் பேரேடு பார்த்துப் பழகியவர்கள் பற்றை மட்டும் எழுதிய ஏட்டைக் கணக்கென்று ஏற்கமாட்டார்கள். பேறுகாலத்துக்குப் போய்ப் பத்தியம் சமைத்து, கைக்குழந்தையைக் குளிப்பாட்டி, மகள் மீண்டும் வேலைக்குப் போக வழிசெய்தவள் அந்த ஆத்தாதான். மகள் கட்டும் வரி அரசின் வரவு. அதற்குப் பின்னிருக்கும் ஆத்தாவின் ஆறு மாதம் எந்தப் பத்தியிலும் இல்லை. அதற்குச் சுற்றுலா விசா போதும். பேரனைத் தூக்க வரலாம், தன்னைத் தூக்க ஆள் வேண்டும்போது வரக்கூடாது.

பணம் கட்டினாலும் இது தீராது. பங்களிப்புப் பெற்றோர் விசாவுக்கு ஆளுக்கு 40,000 டாலருக்கு மேல் வாங்குகிறார்கள், உடல்நல விதியும் அப்படியே பொருந்தும். பணம் குறைவான விசாவுக்கு வரிசை 30 ஆண்டுகளுக்கு மேல். முடிவெடுக்கும் நாளில் உடல் எப்படி இருக்கிறது என்பதே கேள்வி என்பதால், அறுபதில் திடமாக விண்ணப்பித்தவளைத் தொண்ணூறில் சோதிப்பார்கள். இதைச் சட்டம் என்பதா நக்கல் என்பதா?

நம் கரைக்கு இந்தச் சோதனை புதிதல்ல. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை மண்டபம் முகாமில் நிறுத்தி வைத்து உடம்பைப் பார்த்துத்தான் கப்பலேற்றினார்கள். உழைக்கிற உடம்புக்கு அன்று வழி திறந்தது, உழைத்து முடித்த உடம்புக்கு இன்று திறப்பதில்லை.

வீட்டுக்குள் நடப்பதையும் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தைப் பெரும்பாலும் மகனோ மருமகனோ நிரப்புகிறார்கள். காரைக்குடியிலிருந்து சென்னைக்குக் கூட்டிப்போய் மார்பு எக்ஸ்ரேயும் எச்ஐவி சோதனையும் எடுக்க வைக்கிறார்கள். எச்ஐவி எதற்கு என்று எழுபது வயதுப் பெண்ணுக்கு யாரும் விளக்குவதில்லை. போக விருப்பமா என்றும் கேட்பதில்லை. முடிவுகள் கிளினிக்கிலிருந்து கணினி வழியே நேராக அங்கே போகின்றன. பதில் மகனின் மின்னஞ்சலுக்கு வருகிறது. என்ன ஆச்சு என்று அவள் கேட்டால், "அதெல்லாம் நான் பாத்துக்கிறேன் ஆத்தா" என்பான்.