நிறம் பார்த்து இணைத்தால் போதுமா?

மின்சார சைக்கிளுக்கான கன்ட்ரோலருடன் ஒற்றைத் தாள் ஒன்று தருகிறார்கள். மீஞ்சூரில் என் மாணவர் ஒருவர் வாங்கிய பெட்டியிலும் அது இருந்தது. பேட்டரி இணைப்புப் படம் தெளிவானதே. மற்றதற்கெல்லாம் 'நிறத்துக்கு நிறம் இணைக்கவும்' என்பதே உபதேசம். வாசகர்களே, நம்பிவிடாதீர்கள்.

மோட்டாரின் தடித்த கம்பிகள் மஞ்சள், பச்சை, நீலம். காந்தத்தின் நிலையை அறிவிக்கும் ஹால் உணர்விகளின் மெல்லிய கம்பிகளிலும் இதே நிறங்கள். இவற்றுக்குப் பொது நியதி கிடையாது. ஹால் கம்பிகளை மாற்றாமல் வைத்தால், தடித்த கம்பிகளை ஆறு விதமாக இணைக்கலாம். ஒன்றே சீராகச் சுழற்றும். அதுவும் பின்னோக்கி இருக்கக்கூடும்! மற்றவற்றில் மோட்டார் உதறும், அல்லது சுமையின்றியே மிகுந்த மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவைத்துச் சோதிக்கச் சொல்ல ஒரு வரி போதாதா?

இதனினும் பெரிய குறை ஆக்சிலரேட்டரைப் பற்றியது. 1879-இல் எட்வின் ஹால் கண்ட விளைவே இங்கும் வேலை செய்கிறது. பிடியைத் திருகாதபோது சமிக்ஞைக் கம்பியில் ஏறத்தாழ 0.8 வோல்ட், முழுதும் திருகினால் 4 வோல்ட்டை நெருங்கும். கறுப்புக் கம்பி அறுந்தாலோ, சமிக்ஞை 5 வோல்ட்டை நோக்கி ஏறிவிடும். தற்காப்பில்லாத கன்ட்ரோலர் அதை முழு வேகக் கட்டளையாகவே கொள்ளும். கடற்காற்றில் செம்பு முனைகள் பச்சை பூக்கும் எங்கள் வட்டாரத்தில் இது ஏட்டுக் கணக்கன்று. மாணவரின் வண்டி அவ்வாறே பாய்ந்தது; சாவியை அணைத்துத் தப்பினார். பிரேக் பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்தும் இரு கம்பிகளை அவர் இணைக்கவேயில்லை. தாளில் அவற்றின் அருகே 'விருப்பமிருந்தால்' என்று அச்சிட்டிருந்தது.