மந்திரமும் விலையும்: ஒரு விளையாட்டு விதிநூலின் கருத்துநிலை

கலை இலக்கியத்தின் சமூக அடிப்படைகளை ஆராய்வோர் விளையாட்டு விதிநூல்களைப் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. ஆயின், கற்பனை உலகொன்றில் எது இயலும், எது இயலாது என வரையறுக்கும் நூல், தான் தோன்றிய சமூகத்தின் கருத்துநிலையைக் கதையினும் வெளிப்படையாகக் காட்டுதல் கூடும். 1974இல் ஐக்கிய அமெரிக்காவில் கரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் ஆக்கியளித்த ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ இதற்குத் தக்க சான்றாகும். மேசையைச் சுற்றி அமர்வோருள் ஒருவர் கதையை நடத்த, ஏனையோர் வீரராகவும் மந்திரவாதியாகவும் பாத்திரமேற்றுப் பகடை உருட்டிக் கூட்டாகக் கதை புனையும் விளையாட்டு இது.

இதன் 1978ஆம் ஆண்டு விதிநூல், மந்திரம் பலிப்பதற்கு மூன்று கூறுகளை வகுத்தது: உச்சாடனம், சைகை, பொருள். இவற்றுள் ஒன்றோ பலவோ ஒவ்வொரு மந்திரத்துக்கும் வேண்டப்பட்டன. ஈண்டு நமது கவனத்துக்குரியது மூன்றாவது கூறாகும். தீக்கோளம் எறிய வௌவால் எச்சமும் கந்தகமும் வேண்டும். மின்னல் பாய்ச்ச விலங்கு மயிரும் அம்பர் அல்லது கண்ணாடிக் கோலும் வேண்டும். வௌவால் எச்சத்திலிருந்து வெடியுப்புப் பெறலாம்; அது கந்தகத்தோடும் கரியோடும் சேர வெடிமருந்தாகும். அம்பரை மயிரில் தேய்த்தால் நிலைமின் பிறக்கும். புராதன மந்திரத்தை, உற்பத்தி நுட்பத்தின் போதாமையை ஈடுசெய்ய எழுந்த மாயை நுட்பமாக ஜோர்ஜ் தொம்சன் விளக்கினார். விதிநூலின் மந்திரமோ, இரசாயனமும் பௌதிகமும் கற்ற சமூகம் அம்மாயையை நினைந்து செய்த நகைச்சுவையே எனலாம். எனினும் அந்நகைச்சுவையில் பொருளின் பயன்பாட்டுத் தன்மை மதிக்கப்பட்டது. கந்தகம் கந்தகமாக இருப்பதனாலேயே எரிந்தது.

பின்வந்த பதிப்புகளில் நிகழ்ந்த மாற்றம் ஊன்றி நோக்கத்தக்கது. 2000ஆம் ஆண்டுப் பதிப்பில், 5 பொற்காசு கொடுத்துப் பையொன்று வாங்கினால் மலிவான பொருள்கள் யாவும் அதனுள் உள்ளனவாகக் கொள்ளப்பட்டன. 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் அப்பையின் விலை 25 பொற்காசு. விலை குறிக்கப்படாத பொருளை இனி எவரும் தேட வேண்டியதில்லை. விலை குறிக்கப்பட்ட பொருளை மட்டும் தனியே வாங்கியாக வேண்டும். அதாவது, பயன்பாட்டுப் பெறுமதி பைக்குள் மறைய, பரிமாற்றப் பெறுமதி விதியாக எஞ்சியது.

2014ஆம் ஆண்டு நூலின்படி, இறந்து பத்து நாளுக்கு மேற்படாத ஒருவரை எழுப்பும் மந்திரத்துக்கு 500 பொற்காசு பெறுமதியான வைரம் வேண்டும். மந்திரம் அதனை உட்கொண்டுவிடும். கல்லின் எடை கூறப்படவில்லை, விலையே கூறப்படுகின்றது. சந்தையில் வைரத்தின் விலை பாதியாக வீழ்ந்தால் சாவை வெல்ல இருமடங்கு கல் வேண்டுமா? முத்தையும் வைரத்தையும் எடுத்துக்காட்டி, பரிமாற்றப் பெறுமதி பொருளின் இயற்கைப் பண்பன்று என ‘மூலதனம்’ முதற் பாகத்தில் (1867) மார்க்ஸ் நிறுவினார். விதிநூலோ விலையையே கல்லின் மந்திர ஆற்றலாக்குகின்றது. பண்ட வழிபாட்டுக்கு இதனிலும் தெளிவான உதாரணம் காண்பதரிது.

அதே நூல் கூலியையும் குறிப்பிடுகின்றது. பயிற்சியற்ற கூலியாளுக்கு நாளொன்றுக்கு 2 வெள்ளிக்காசு. வறியவரின் ஒருநாள் வாழ்க்கைச் செலவும் 2 வெள்ளிக்காசே. பத்து வெள்ளி ஒரு பொன்னாகும். ஆகவே 500 பொன் என்பது 2,500 நாட் கூலி. உண்ணாது உறங்காது சேர்த்தாலும் ஏறத்தாழ ஏழாண்டு. கூலியாளின் பிள்ளை இறந்தால் அவருக்குள்ள அவகாசமோ பத்து நாள். வீரர்கள் பாழ்நிலவறைகளிற் பெற்ற செல்வத்தால் தம் தோழரை எழுப்புவர். அவர்தம் பொதி சுமந்தவர் புதைக்கப்படுவார்.

விளையாட்டின் சமநிலைக்காக மந்திர ஆற்றலைக் கட்டுப்படுத்த வேண்டியுள்ளது என்பர். அக்கூற்றை மறுப்பதற்கில்லை. ஆயின் கட்டுப்பாடு விலையுருவம் பெறவேண்டும் என்ற நியதி இல்லை. 1987இல் வெளிவந்த ‘ஆர்ஸ் மஜிக்கா’ என்னும் விளையாட்டில், மந்திரவாதியின் ஆய்வும் ஆக்கமும் பருவங்களால், அதாவது செலவிட்ட உழைப்புக் காலத்தால், அளக்கப்படுகின்றன. அங்கும் ஏவலாளர் உளர், வர்க்கம் மறையவில்லை. ஆயினும் ஆற்றலின் அளவுகோல் சந்தையன்று என்பது கவனிக்கத்தக்கது.

கைகக்ஸோ அவர் வழிவந்தோரோ வறியவருக்கு உயிர்த்தெழுதலை மறுக்கத் திட்டமிட்டனர் என்பது எமது வாதமன்று. திட்டமிடாமலே இது நேர்ந்தமைதான் முக்கியம். தீயும் மின்னலும் சாவும் மனிதச் சொல்லுக்குப் பணியும் உலகைப் படைத்த கற்பனை, கூலியையும் விலையையும் மட்டும் இயற்கை நியதியாக ஏற்றுக்கொண்டது. இவ்விளையாட்டில் மேசையைச் சுற்றியிருப்போர் விதியைக் கூடிப்பேசி மாற்றும் உரிமையுடையோர். அவ்வுரிமையை முதலிற் பிரயோகிக்க வேண்டிய இடம் இவ்விலைப்பட்டியலே என்பது எமது துணிபு.