கூந்தலின் கறுப்பு

ஸ்டுடியோவில் எடுத்த உருவப்படம் எதுவானாலும் முகத்துக்கு முன்பே கூந்தலைத்தான் பார்ப்பேன். கறுப்புத் திரைக்கு முன்னால் ஒரு நாட்டியக் கலைஞர். பின்னாலிருந்து வரும் ஹேர் லைட், தலையோரம் வெள்ளிக் கோடு இழுத்திருக்கிறது. கோட்டுக்கு உள்ளே கறுப்பு கறுப்பாகவே நின்றால், விளக்கு வைத்தவர் கைதேர்ந்தவர். சாம்பல் பூத்துக் கிடந்தால், அந்த விளக்கு லென்ஸுக்குள்ளும் புகுந்துவிட்டது.

ஹேர் லைட்டின் முகம் கேமராவை நோக்கியே இருப்பதால் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. பூச்சில்லாத கண்ணாடி, தன் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். ஜூம் லென்ஸுக்குள்ளே பத்துப் பதினைந்து கண்ணாடிகள். திரும்பிய ஒளி அவற்றுக்கிடையே முட்டி மோதி, கடைசியில் படம் முழுவதும் மெல்லிய வெண்திரையாகப் படிகிறது. 1935இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா உருவாக்கிய எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு, லென்ஸ் செய்யும் கலையையே மாற்றியது. இன்றைய பல அடுக்குப் பூச்சுகள் அந்த இழப்பை அரை சதவீதத்துக்கும் கீழே இறக்கிவிட்டன. ஆனாலும் ஃபிளாஷ் நேராக அடித்தால், மிச்சமிருக்கும் அந்தத் துளியே கறுப்பைக் கெடுக்கப் போதும்.

அதைத் தடுக்கும் வேலை பார்க்கவே அழகு. ஃபிளாஷ் வெடிக்கும் கணத்தில் கண்ணுக்கு எதுவும் பிடிபடாது. ஆகவே ஃபிளாஷிலேயே தொடர்ந்து எரியும் சிறு விளக்கான மாடலிங் விளக்கை மட்டும் எரியவிட்டு, லென்ஸின் முன்கண்ணாடியைப் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். அதில் விளக்கு மினுங்கினால், லைட்மேன் கட்டரை, அதாவது கறுப்புத் துணி கட்டிய சட்டத்தை, விளக்குக்கும் கேமராவுக்கும் நடுவே கொண்டுவருவார். அங்குலம் அங்குலமாக நகர்த்த, கட்டரின் நிழல் லென்ஸ் விளிம்பில் ஏறி, கண்ணாடி முழுவதையும் மூடும். அந்த இடத்தில் நிறுத்திவிடுவார். கூந்தலின் வெள்ளிக் கோடு அப்படியே இருக்கும். கட்டரும் ஃபிரேமுக்குள் வராது. உச்சி வெயிலில் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்க்கிறோமே, அதே வேலை. விளக்கின் முகத்தில் தேன்கூட்டு வலையான கிரிட் மாட்டினால் ஒளி சிதறுவதும் குறையும். லென்ஸில் ஹூட் இருக்க வேண்டும். விரல் ரேகையோ தேவையற்ற ஃபில்டரோ இருக்கக் கூடாது.

வெள்ளைப் பின்னணி இன்னும் சோதிக்கும். அங்கே சுவரே ஒரு பெரிய விளக்கு. தேர்ந்தவர்கள் ஃபிரேமுக்குள் வரும் சுவரை மட்டும் விட்டுவிட்டு, மீதியை இருபுறமும் கறுப்புப் பலகைகளால் மறைத்துவிடுவார்கள். முகத்தைவிட அரை ஸ்டாப், மிஞ்சினால் ஒரு ஸ்டாப் (அதாவது இருமடங்கு ஒளி) கூடுதலாகச் சுவருக்கு ஒளி கொடுத்தாலே வெள்ளை கிடைக்கும். அதற்கு மேல் ஏற்ற ஏற்ற, முடியின் ஓரங்கள் கரையத் தொடங்கும்.

கணினியில் சரிசெய்துகொள்ளலாமே என்பவர்கள் உண்டு. கறுப்பை அங்கே இறக்கலாம். வெண்திரையில் அமுங்கிய இழைகளின் நுண்ணிய வேறுபாடு முழுதாக மீளாது. முடியிழை ஒவ்வொன்றும் தனித்தனியே தெரியும் படத்தில், ஒளி கொடுத்தவருக்குச் சேரும் பாராட்டில் பாதி, கட்டரைப் பிடித்து ஒளியை மறித்தவருக்கும் சேர வேண்டும்.